வீட்டுக் கொல்லையில் ஓர் உலை: இரும்படிக்கப் பழகத் தொடங்குவோருக்கு

இரும்படிக்க ஆசைப்படுகிறவர்கள் பலர் பட்டறைக்கல்லை, அதாவது இரும்பை மேலே வைத்து அடிக்கும் எஃகுக் கட்டியை, தேடுவதிலேயே மாதக்கணக்கில் காலம் கடத்திவிடுகிறார்கள். நல்ல கல் கிடைத்த பிறகுதான் தொடங்க முடியும் என்று நினைப்பு. இந்த வேலையில் முதலில் கைவர வேண்டியது சூடு. உலையில் எந்த இடத்தில் கம்பியை வைப்பது, எந்த நிறத்தில் வெளியே எடுப்பது, எந்த நிறம் வந்ததும் சுத்தியலைக் கீழே வைப்பது என்பது பிடிபட்டுவிட்டால் ஒரு தண்டவாளத் துண்டின் மேலேயே நேர்த்தியான கொக்கி அடிக்கலாம். அது பிடிபடாதவரை எவ்வளவு பெரிய கல் இருந்தாலும் நுனி பிளக்கும், கம்பி வெடிக்கும், தோள் வலிக்கும். புதியவர்கள் "அடி சரியாக விழவில்லை" என்று சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை சூட்டில் வந்த குறைகள்தான். அதனால் இங்கே மற்றவற்றைவிட நெருப்பைப் பற்றியே அதிகம் சொல்லியிருக்கிறோம்.

இடம்

மேலே கூரை, மூன்று பக்கம் திறப்பு. இப்படி ஓர் இடம் இருந்தால் போதும். மூடிய அறையில் கரி உலை எரிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தலைவலியும் குமட்டலும் வருவதற்குள் உடம்பில் போதுமான அளவு ஏறியிருக்கும். எரிவாயு உலையும் இதே நச்சை வெளிவிடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

கூரை வேண்டும் என்பதற்கு மழை மட்டும் காரணம் அல்ல. நேர் வெயிலில் இரும்பின் நிறம் கண்ணுக்குத் தெரியாது. நிழலில் பளிச்சென்று ஆரஞ்சாகத் தெரியும் கம்பி வெயிலில் மங்கலாகத் தோன்றும். இன்னும் காயட்டும் என்று விடுவீர்கள், அது உருகத் தொடங்கிவிடும். எப்போதும் ஒரே மாதிரி நிழல் விழும் இடத்தில் வேலை செய்தால்தான் கண் பழகும்.

தரை மண்ணாகவோ மணலாகவோ இருக்கட்டும். சிமென்ட் தரையில் பழுத்த இரும்பு விழுந்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிச் சில்லுகள் தெறிக்கும். அப்படிப்பட்ட தரை என்றால் மேலே மணலைப் பரப்பிவிடுங்கள். சுற்றிலும் மூன்று மீட்டருக்குச் சருகு, மரத்தூள், எண்ணெய்த் துணி எதுவும் கிடக்கக் கூடாது. ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல், ஒரு தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

உலை

முதல் உலையைப் பணம் போட்டு வாங்க வேண்டியதில்லை. 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்தில் ஒரு பெட்டி போதும். மரப்பெட்டியாக இருந்தாலும் சரிதான். நெருப்புக்கும் பலகைக்கும் நடுவில் எந்தப் பக்கமும் குறைந்தது 10 செ.மீ. மண் இருந்தால் மரம் பற்றாது. ஒரு பங்கு களிமண்ணுக்கு இரண்டு பங்கு மணல். பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது; அந்த அளவுக்கு மட்டும் தண்ணீர். இதைப் பெட்டியில் கெட்டித்து, நடுவில் 15 செ.மீ. அகலமும் 12 செ.மீ. ஆழமும் உள்ள பள்ளம் விடுங்கள். ஆற்றுக் கூழாங்கற்களைக் கலக்காதீர்கள். உள்ளே ஈரம் தங்கிய கல் சூட்டில் வெடிக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலந்து பூசச் சொல்லும் குறிப்புகளும் உலவுகின்றன. உலைச் சூட்டில் அது பொடியாக உதிர்ந்துவிடும், வேண்டாம்.

காற்றுக்கு உள்விட்டம் 25 மி.மீ. உள்ள பூச்சில்லாத இரும்புக் குழாய் ஒன்று. அது பள்ளத்தின் பக்கச் சுவர் வழியாக, அடியிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் உள்ளே வர வேண்டும். வாய் சுவரோடு சமமாக நிற்கட்டும். நெருப்புக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் கொஞ்ச நாளில் எரிந்து தேய்ந்துவிடும். குழாய் வெளிப்பக்கம் 60 செ.மீ.யாவது நீண்டிருந்தால்தான் காற்று ஊதும் ப்ளோயருக்குச் சூடு எட்டாது. பள்ளத்தின் இரு ஓரத்திலும் ஒவ்வொரு செங்கல்லை வைத்தால் கரி சிதறாமல் மேடாக நிற்கும். சின்ன விறகு நெருப்பு மூட்டி ஒரு நாள் முழுக்க மெல்லக் காயவிட்ட பிறகே முழு உலையை எரியுங்கள். விரிசல் விழும், அதே மண்ணைக் குழைத்து அப்பினால் போதும்.

காற்றுக்குக் கைத்துருத்தி, கையால் சுற்றும் ப்ளோயர், தலைமுடி உலர்த்தும் கருவி என எதுவும் உதவும். உலர்த்தியில் காற்று மட்டும் வரும் நிலை இருந்தால் நல்லது. எதுவானாலும் காற்றைக் கட்டுப்படுத்த வழி வேண்டும். ப்ளோயரின் வாயைக் குழாயிலிருந்து ஒரு விரற்கடை தள்ளிவைத்து, அந்த இடைவெளியைக் கூட்டிக் குறைத்தாலே போதும். புதியவர்கள் தவறாமல் செய்வது காற்றை அளவுக்கு மீறி விடுவது. கரி கரைந்துபோகும், பொறி பறக்கும், கம்பி சிவக்கும் முன்பே மேலே கனத்த செதில் (காற்றில் எரிந்த இரும்பின் கறுப்பு ஏடு) படியும். 10 மி.மீ. கம்பி காய மெல்லிய இரைச்சலோடு எரியும் நெருப்பே போதும். காற்றை நிறுத்தும்போது ப்ளோயரைக் குழாயிலிருந்து விலக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் எரியாத வாயு குழாய்க்குள் பின்னோக்கி வந்து தங்கும். நிலக்கரி உலையில் இது பெரிய ஆபத்து: மறுபடி காற்று விடும்போது குழாய்க்குள்ளேயே படீரென்று வெடிக்கும்.

கரியா, நிலக்கரியா, எரிவாயுவா? கற்றுக்கொள்ள மரக்கரிதான் சிறந்தது என்பது எங்கள் கருத்து. புகை குறைவு, கசடு கட்டாது, சாதாரண அடுப்புத் தீயிலேயே பற்றிக்கொள்ளும். 2 முதல் 3 செ.மீ. அளவுக்கு உடைத்துப் போடுங்கள். பெரிய கட்டிகளுக்கு நடுவே காற்று ஓடிவிடும், தூள் காற்றை அடைத்துவிடும். அச்சில் வார்த்த கரி உருண்டைகள் வேண்டாம்; அவற்றில் சாம்பல் அதிகம், சூடு குறைவு. மரக்கரி வேகமாகக் காலியாகும் என்பது ஒன்றுதான் குறை. நிலக்கரி நீண்ட நேரம் தாங்கும். ஆனால் தொடக்கத்தில் மஞ்சள் புகை கக்கும், அடியில் கண்ணாடி மாதிரி கசடு கட்டிக் காற்றை மறிக்கும், அதை அவ்வப்போது கிளறி எடுக்க வேண்டும். எரிவாயு உலை சுத்தமானது, சீரானது. அதை முதல் முயற்சியிலேயே நீங்களாகச் செய்துகொள்ள வேண்டாம். ரெகுலேட்டர், குழாய் இணைப்பு, உள்ளே ஒட்டும் பீங்கான் நார்க் கம்பளி எல்லாவற்றிலும் பிழை ஆபத்தானது. அந்த நாரை வெப்பம் தாங்கும் பூச்சால் மூடாவிட்டால் அதன் துகள் நுரையீரலுக்குள் போகும்.

நெருப்புக்குள் என்ன நடக்கிறது

குழாய் வாய்க்கு நேரே உள்ள கரிக்குக் காற்று மிகுதியாகக் கிடைக்கிறது. அங்கே ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கும்; இரும்பை வைத்தால் இரும்பையும் சேர்த்து எரிக்கும். அதைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் தள்ளி ஆக்ஸிஜன் முழுவதும் கரியோடு சேர்ந்து தீர்ந்திருக்கும். சூடும் அங்கேதான் உச்சம். உங்கள் கம்பி இருக்க வேண்டிய இடம் அதுவே: கீழே 7 முதல் 10 செ.மீ. எரியும் கரி, மேலே 5 செ.மீ. கரி, நடுவில் படுக்கை வாட்டமாகக் கம்பி.

நுனியைக் கீழ்நோக்கிக் குத்திவைப்பது இயல்பாக வரும் பழக்கம், அது தவறு. குத்திய நுனி நேராகக் காற்று வாய்க்குப் போய்விடும். கம்பியின் நடுப்பகுதி இன்னும் கறுப்பாக இருக்கையில் நுனி மட்டும் பொறி கக்கி எரியும். நெருப்பு அடியில் குழிந்துவிட்டாலும் இதே கதிதான். ஒவ்வொரு முறை கம்பியை எடுக்கும்போதும் பக்கத்துக் கரியை நடுவுக்குத் தள்ளுங்கள்.

கல், சுத்தியல், குறடு

பட்டறைக்கல்லுக்கு வேண்டிய குணம் இரண்டு: அடியின் கீழே நேராகக் கனம் இருக்க வேண்டும், கல் ஆடக் கூடாது. வடிவம் பிறகுதான். 40 செ.மீ. தண்டவாளத் துண்டைப் படுக்க வைத்தால் நடுத்தண்டு மெல்லியது என்பதால் அடி துள்ளும். அதையே செங்குத்தாக நிறுத்தினால் நீளம் முழுவதன் கனமும் அடிக்குக் கீழே வந்துவிடும், முகம் சிறிதானாலும் இரும்பு நன்றாக நகரும். முறையாகக் கழித்து விற்கப்பட்ட துண்டாகப் பார்த்து வாங்குங்கள். பெரிய சம்மட்டியின் தலையை மரக்கட்டையில் பாதி புதைத்துவைத்தாலும், 20 கிலோவுக்கு மேற்பட்ட எந்த எஃகுப் பாளமானாலும் தொடங்கலாம். வார்ப்பிரும்பில் செய்த மலிவுக் கல் மட்டும் வேண்டாம். முகம் குழியும், ஓரம் உடையும். பழைய கல்லை வாங்கும்போது ஒரு பேரிங் குண்டை ஒரு சாண் உயரத்திலிருந்து முகத்தின் மேல் போட்டுப் பாருங்கள். முக்கால் உயரத்துக்குத் துள்ளினால் முகம் கெட்டியானது. பாதிகூட வராமல் சோர்ந்து விழுந்தால் விட்டுவிடலாம்.

உயரம் முக்கியம். நேராக நின்று கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்குங்கள். கல்லின் முகம் விரல் முட்டிகளின் மட்டத்துக்கு வர வேண்டும். அடித்த இரும்பில் பிறை வடிவத் தழும்பு விழுந்தால் அதுவே உங்களுக்குச் சேதி சொல்லும்: தழும்பு உங்கள் பக்க ஓரத்தால் விழுந்திருந்தால் கல் உயரம், எதிர்ப்பக்க ஓரத்தால் விழுந்திருந்தால் தாழ்வு. கல் ஓசையெழுப்பினால் இடையில் கனத்த சங்கிலியைச் சுற்றுங்கள், அல்லது அடியில் பெரிய காந்தம் ஒன்றை ஒட்டுங்கள். ஒலி பாதியாகும். அப்போதும் காதடைப்பான் போட வேண்டும்.

சுத்தியல் 800 கிராம் முதல் ஒரு கிலோ வரை. அதற்கு மேல் எடுத்தால் தோள் சீக்கிரம் சோர்ந்து அடி கோணும். கடையில் வாங்கிய சுத்தியலின் முகம் தட்டையாக, ஓரம் கூராக இருக்கும். அப்படியே அடித்தால் ஒவ்வொரு அடியும் இரும்பில் வெட்டுக்காயம் போடும். ஓரத்தை 2 முதல் 3 மி.மீ. வளைவாகச் சாணை பிடித்து, முகத்தை மிக லேசாகக் குவித்து, உப்புத்தாளால் வழவழப்பாக்கிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர வேலை, ஆயுளுக்கும் பயன்.

குறடு முதல் நாளில் வேண்டியதே இல்லை. 50 அல்லது 60 செ.மீ. கம்பியை எடுத்து ஒரு நுனியில் வேலை செய்தால் மறுநுனியை வெறுங்கையாலேயே பிடிக்கலாம். முடித்த பிறகு வெட்டிக்கொள்ளலாம். பிறகு குறடு வாங்கும்போது வாய் அளவைப் பாருங்கள். 10 மி.மீ. கம்பிக்கான வாயில் 16 மி.மீ. கம்பி நிற்காது, அடிக்கும்போது நழுவிப் பறக்கும். கம்பியைப் பிடித்த நிலையில் வாயின் இரு இதழ்களும் இணையாகப் படிய வேண்டும். இவற்றோடு கம்பி பிரஷ், வைஸ், அரம், அளவுகோல் இருந்தால் ஒரு வருடத்துக்குப் போதும்.

உடம்புக்கு

பக்கவாட்டிலும் மறைப்புள்ள கண்ணாடி, எப்போதும். பருத்திச் சட்டை, கணுக்கால் வரை வரும் தோல் காலணி, அதன் வாயை மூடி விழும் கால்சட்டை. நைலான், பாலியெஸ்டர் துணிகள் பொறி பட்டதும் உருகித் தோலில் ஒட்டும். சுத்தியல் கையில் உறை போடாதீர்கள். பிடி நழுவும், இறுக்கிப் பிடிக்க வேண்டிவரும், முழங்கையில் வலி வரும். மறுகையில் தளர்வான தோல் உறை போடலாம். ஈரமாக மட்டும் இருக்கக் கூடாது, உள்ளே ஆவியாகி வேக வைத்துவிடும்.

அதிகம் சுடுவது சிவந்த இரும்பு அல்ல, கறுத்த இரும்பு. 400 டிகிரியில் இருக்கும் கம்பியும் ஆறிய கம்பியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சூடான துண்டுகளைப் போட ஒரே ஓர் இடத்தை ஒதுக்கி, வேறெங்கும் வைக்காதீர்கள். எதையும் எடுக்கும் முன் புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சுட்டுக்கொண்டால் உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். எண்ணெய், பற்பசை எதுவும் தடவ வேண்டாம்.

எந்த இரும்பு

பழக எம்.எஸ். எனப்படும் மைல்ட் ஸ்டீல் கம்பி, 10 மி.மீ. சதுரம். இதில் கார்பன் 0.25 சதவீதத்துக்குள்தான் இருக்கும். அதனால் சூட்டில் செய்யும் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும், தண்ணீரில் தோய்த்தாலும் நொறுங்காது. சதுரக் கம்பி என்பதற்குக் காரணம் உண்டு: பக்கங்கள் கோணினால் உடனே கண்ணில் படும், முறுக்கினால் அழகு தெரியும். கட்டடக் கம்பியைத் தவிர்ப்பது நல்லது. அதன் உட்பொருள் கம்பிக்குக் கம்பி மாறும், மேலே உள்ள வரிகள் அடிக்கும்போது உள்ளே மடிந்து விரிசலுக்கு வழி விடும்.

ஜி.ஐ. எனப்படும் துத்தநாகப் பூச்சு உள்ள எதையும் உலையில் வைக்கவே கூடாது. துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும், உலைச் சூடு அதைத் தாண்டியது. அந்த வெண்புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். குரோமியம், காட்மியம் பூசிய போல்ட்டுகள் இன்னும் மோசம். இரு முனையும் அடைத்த குழாயும் உலைக்குள் போகக் கூடாது. உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெடிக்கும்.

வண்டிகளின் வில்பட்டை, சுருள்வில் ஆகியவற்றில் பெரும்பாலும் 0.6 சதவீதம் அளவுக்குக் கார்பன் இருக்கும். அவை உளிக்கும் கத்திக்கும். அவற்றை இரண்டாம் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைப் படிப்பது

நிழலில் பார்க்கும்போது, 700 டிகிரி செல்சியஸ் அளவில் இரும்பு மங்கிய சிவப்பு. 800-இல் குங்குமச் சிவப்பு. 950 முதல் 1,000-க்குள் ஆரஞ்சு. 1,100-இல் மஞ்சளேறிய ஆரஞ்சு, 1,200-இல் தெளிந்த மஞ்சள். 1,300-ஐத் தாண்டினால் வெளுத்த மஞ்சளாகி நுனியிலிருந்து மத்தாப்புப் பொறி கிளம்பும். பொறி வந்துவிட்டால் அந்த இடத்தில் இரும்பு எரிந்துவிட்டது. எத்தனை அடித்தும் சேராது, வெட்டித்தான் எறிய வேண்டும்.

மைல்ட் ஸ்டீலை மஞ்சளில் எடுத்து அடிக்கத் தொடங்குங்கள். மங்கிய சிவப்பு வரும்போது கனத்த அடியை நிறுத்துங்கள். அந்த நேரத்தில் நேராக்குவது, முகத்தை வழவழப்பாக்குவது போன்ற லேசான தட்டலுக்கு மட்டும் இடம் உண்டு. சிவப்பு மறைந்த பின் ஒரு அடியும் கூடாது. 200 முதல் 300 டிகிரிக்குள் எஃகு அறைச் சூட்டில் இருப்பதைவிடவும் எளிதாக உடையும். ஆறிவிட்டதே, லேசாக நிமிர்த்தலாம் என்று வளைக்கும் கம்பி முறிவது இதனால்தான்.

மஞ்சளிலிருந்து மங்கிய சிவப்புக்கு 10 மி.மீ. கம்பி இறங்க இருபது விநாடி ஆகாது. நுனி மெலிந்த பிறகு அதில் பாதி. ஆகவே உலைக்கும் கல்லுக்கும் நடுவில் ஓர் அடி எடுத்துவைக்கும் தூரம்தான் இருக்க வேண்டும். எங்கே அடிப்பது என்பதைக் கம்பி நெருப்பில் இருக்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். எடுத்த பிறகு கல்லின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு யோசித்தால் குளிர்ந்த கல் சூட்டை உறிஞ்சிவிடும். காலையில் முதல் வேலைக்கு முன் ஒரு கனத்த சூடான துண்டைக் கல்லின் மேல் சிறிது நேரம் வைத்தெடுத்தால் இந்த இழப்பு குறையும்.

இன்னொன்று: மேற்பரப்பு மஞ்சளானதும் எடுத்துவிடாதீர்கள். காற்றைக் குறைத்து இன்னும் அரை நிமிடம் விட்டால் உள்ளும் புறமும் ஒரே சூடாகும். அவசரமாகக் காற்றைக் கூட்டிக் காய்ச்சிய கம்பியில் தோல் மட்டும் நகரும், உள்ளே இருப்பது நகராது. அடுத்து வரும் நுனிப் பிளவுக்கு இதுவே பாதிக் காரணம்.

முதல் பயிற்சி: கூர் அடிப்பது

கம்பியைத் தொடும் முன் குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் 10 மி.மீ. சதுரக் கம்பி ஒன்று உருட்டி, அதைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். சூடான இரும்பு நகரும் விதம் அப்படியே அதில் தெரியும்.

கூர் நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. சதுரக் கம்பியை அகலம் கூட்டாமல் முழுக் கூராக இழுத்தால், எடுத்துக்கொண்ட நீளம் மூன்று மடங்காகும். 9 செ.மீ. கூர் வேண்டுமென்றால் 3 செ.மீ. கம்பி போதும்.

நுனியிலிருந்து 4 அல்லது 5 செ.மீ. மட்டும் மஞ்சளாகட்டும். நுனியைக் கல்லின் எதிர் ஓரத்தில் வைத்து, பின்கையைச் சற்று உயர்த்துங்கள். சுத்தியலும் அதே சாய்வில் இறங்கட்டும். முதலில் நீண்ட கூரை நினைக்காதீர்கள். நுனியில் 1 செ.மீ. அளவுக்குக் குட்டையான, மழுங்கிய கூர் ஒன்றைப் பலமான அடியால் உண்டாக்குங்கள். இரண்டு அடி, கால் வட்டத் திருப்பு, இரண்டு அடி, மறுபடி பழைய பக்கத்துக்குத் திருப்பு. எப்போதும் சரியாகக் கால் வட்டம்தான் திருப்ப வேண்டும். குட்டைக் கூர் வந்த பிறகு, அடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தி நீட்டுங்கள்.

இதில் வரும் குறைகள் மூன்று. நுனி மீன் வாய் மாதிரி குழிந்து பிளப்பது முதலாவது. சூடு உள்ளே போகாமல் லேசாகத் தட்டியதால் தோல் முன்னே ஓடி நடுப்பகுதி பின்தங்கிவிட்டது. அந்தக் குழியை மடித்து அடித்து மூடப் பார்க்காதீர்கள், உள்ளே விரிசலாகத் தங்கும். வெட்டிவிட்டு நல்ல சூட்டில் மறுபடி தொடங்குங்கள். இரண்டாவது, சதுரம் சாய்சதுரமாவது. கால் வட்டத்துக்குக் கூடவோ குறையவோ திருப்பியதன் விளைவு. நீண்ட மூலைவிட்டத்தின் முனைகள் மேலும் கீழும் வருமாறு நிறுத்தி, ஆரஞ்சு சூட்டில் மூலை மேல் தட்டினால் சதுரம் திரும்பும். இதைப் பார்த்த உடனே சரிசெய்ய வேண்டும். விட்டுவிட்டு மேலும் அடித்தால் மூலை மடிந்துவிடும். மூன்றாவது, மேற்பரப்பில் அம்மைத் தழும்பு. செதிலை இரும்புக்குள்ளேயே அடித்து அழுத்தியிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறை உலையிலிருந்து எடுத்ததும் ஒரு விநாடி கம்பி பிரஷ் போடுங்கள், கல்லின் முகத்தையும் துடையுங்கள்.

உருண்டை வேண்டுமென்றால் முதலில் சதுரமாகவே முழு நீளத்துக்கு இழுங்கள். பிறகு நான்கு மூலையையும் தட்டி எட்டுப்பக்கமாக்கி, கடைசியில் சிவப்புச் சூட்டில் சுழற்றிக்கொண்டே மெல்லத் தட்டுங்கள். உருண்டையாகவே மெலிக்க முயன்றால் நடுவில் பொத்தல் விழும்.

சுத்தியலைப் பிடியின் பின்பாதியில், பறவையைப் பிடிப்பது போலத் தளர்வாகப் பிடியுங்கள். தூக்குவது முழங்கையும் தோளும் செய்யும் வேலை, இறங்குவது சுத்தியலின் கனம், கல் தரும் துள்ளல் அதை மறுபடி மேலே அனுப்பும். மணிக்கட்டை இறுக்கினால் அன்றிரவே வலி தெரியும்.

சுவர்க் கொக்கி

கூர் வந்துவிட்டால் கொக்கி வந்தது போலத்தான். கம்பி நுனியிலிருந்து 12 செ.மீ.யில் சென்டர் பஞ்சால் ஓர் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். அதில் 3 செ.மீ. கூருக்கு, 7 செ.மீ. தண்டுக்கு, 2 செ.மீ. ஆணியடிக்கும் தட்டைக்கு.

1. நுனி 3 செ.மீ.யை 9 செ.மீ. கூராக இழுங்கள். கடைசி முனை ஊசியாக வேண்டாம், 3 மி.மீ. இருக்கட்டும், ஊசி நுனி அடுத்த முறை உலையில் வைத்ததுமே எரிந்துவிடும்.

2. நுனி 1 செ.மீ.யைக் கல்லின் ஓரத்துக்கு வெளியே நீட்டி, லேசாகத் தட்டிக் கீழே வளைத்து, பிறகு கம்பியைக் கவிழ்த்து உங்கள் பக்கமாகத் தட்டிச் சின்னச் சுருளாக்குங்கள்.

3. கூர் முழுவதையும் ஆரஞ்சாக்கி, சுருளை மட்டும் தண்ணீரில் ஒரு விநாடி தோய்த்தெடுங்கள். அது இறுகி வடிவம் கலையாது. உடனே கல்லின் பக்கத்தில் கூம்பி நீளும் கொம்பு மேலோ, வைஸில் இறுக்கிய 30 மி.மீ. குழாய் மேலோ, சுருள் விழுந்த திசைக்கு எதிராக வளையுங்கள். கொம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அடித்தால் கம்பி நசுங்கும். அதற்கு அப்பால், அந்தரத்தில் நிற்கும் பகுதியைத்தான் அடிக்க வேண்டும்.

4. ஆறியதும் அடையாளத்தில் ரம்பத்தால் வெட்டுங்கள். இனி கொக்கிப் பக்கத்தைக் குறட்டாலோ பூட்டும் பிளையராலோ பிடிக்க வேண்டும். வெட்டிய முனையில் 2 செ.மீ.யை மஞ்சளாக்கி 4 மி.மீ. தட்டையாக அடியுங்கள். ஆறவிட்டு 5 மி.மீ. துளை போடுங்கள்.

5. தண்டின் நடு 5 செ.மீ.யைச் சீரான ஆரஞ்சாக்கி, தட்டையை வைஸில் பிடித்து, மறுபக்கம் ஸ்பேனர் மாட்டி ஒரே மூச்சில் முழு வட்டம் முறுக்குங்கள். முழு வட்டம் என்றால்தான் கொக்கி பழைய திசைக்கே திரும்பும். சூடு அதிகமான இடத்தில் முறுக்கு நெருக்கமாகிவிடும். அந்த இடத்தில் சில சொட்டுத் தண்ணீர் விட்டால் முறுக்கு பக்கத்துக்கு நகரும். கோணியிருந்தால் மரக்கட்டை மேல் வைத்து மரச் சுத்தியலால் நிமிர்த்துங்கள், இரும்புச் சுத்தியல் முறுக்கின் விளிம்பை நசுக்கும்.

செதில் போகப் பிரஷால் தேய்த்து, தேன்மெழுகு பட்டதும் உருகி லேசாகப் புகையும் சூட்டில் முழுக்கப் பூசித் துடைத்தால் கறுப்பு மெருகு நிற்கும். ஆளி விதை எண்ணெய் பூசுவதென்றால் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது சூடாகும், குவிந்து கிடக்கும் துணி தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

வேலை முடிந்ததும் கரியைப் பிரித்துப் பரப்பித் தண்ணீர் தெளித்து அணையுங்கள். அடுத்த முறை அதே கரி உதவும். மேலே கறுத்த கரியின் அடியில் கங்கு பல மணி நேரம் இருக்கும் என்பதால் உலையை விட்டுப் போகும் முன் ஒரு முறை கிளறிப் பாருங்கள்.

முதல் கருவி: உளி

பத்துக் கொக்கி ஒரே அளவில் வந்த பிறகு கார்பன் எஃகைத் தொடலாம். 12 முதல் 14 மி.மீ. பருமனுள்ள சுருள்வில்லில் 16 செ.மீ. வெட்டி, ஆரஞ்சில் நிமிர்த்துங்கள். இந்த எஃகுக்கு எல்லை குறுகலானது: மஞ்சளேறிய ஆரஞ்சுக்கு மேல் காய்ச்சக் கூடாது, குங்குமச் சிவப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது, வேலை நடுவில் தண்ணீரில் தோய்க்கவே கூடாது. ஒரு முனையை 6 செ.மீ. நீளத்துக்குச் சாய்வாக, விளிம்பில் 3 மி.மீ. வரும்வரை மெலியுங்கள். அடி வாங்கும் மறுமுனையின் ஓரத்தைச் சாய்த்துச் சாணை பிடியுங்கள்.

அடித்த எஃகின் உள்ளே அழுத்தம் தங்கியிருக்கும். காந்தம் ஒட்டாத சூட்டைச் சற்றே தாண்டும்வரை காய்ச்சி, காற்றில் தானாகக் கறுக்க விடுங்கள். இப்படி மூன்று முறை. பிறகு வெட்டும் முனையான வாய்ப்பகுதிக்கு உருவம் கொடுத்து, விளிம்பில் ஒரு மி.மீ.க்குக் குறையாமல் கனம் விடுங்கள். மெல்லிய விளிம்போடு தோய்த்தால் விரிசல் உறுதி.

தோய்ச்சலுக்கு, அதாவது பழுத்த எஃகைச் சட்டென்று குளிரவைத்து இறுக்குவதற்கு, மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் மூன்று நான்கு லிட்டர் தாவர எண்ணெய், 50 முதல் 60 டிகிரி வரை வெதுவெதுப்பாக. சூடான எண்ணெய் இளகி ஓடும், குளிர்ந்ததைவிட வேகமாகச் சூட்டை எடுக்கும். வண்டியில் ஓடிக் கழிந்த எண்ணெய் வேண்டாம், அதன் புகை நச்சு. வாயிலிருந்து 4 செ.மீ.யைச் சீராகக் காய்ச்சிக்கொண்டே காந்தத்தில் தொட்டுப் பாருங்கள். 770 டிகிரி அளவில் ஒட்டாமல் போகும். அதற்கு மேல் நிறம் ஒரு சாயல் ஏறட்டும். உடனே எண்ணெயில் நேர்க்குத்தாக இறக்கி மேலும் கீழும் அசையுங்கள். பக்கவாட்டில் அசைத்தால் ஒரு பக்கம் முன்னே குளிர்ந்து வளையும். தீ எழுந்தால் மூடியைப் போடுங்கள், தண்ணீரை ஊற்றாதீர்கள். ஆறியதும் அரத்தால் இழுத்துப் பாருங்கள். கண்ணாடி மேல் போவது போல வழுக்கினால் இறுகிவிட்டது. கடித்தால் சூடு போதவில்லை, மறுபடி.

இந்த நிலையில் உளியைக் கீழே போட்டாலே உடையலாம். காலம் தாழ்த்தாமல் பதத்தை இறக்க வேண்டும், அதாவது மிதமாகச் சூடேற்றி அந்தக் கடினத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். வாய்ப்பகுதியை உப்புத்தாளால் வெள்ளையாகத் தேய்த்து, பின்தண்டைப் பழுத்த இரும்புக் கட்டி ஒன்றின் மேல் வையுங்கள். சூடு வாயை நோக்கி ஊரும்போது நிறங்களும் ஊர்ந்து வரும்: 220 டிகிரியில் வைக்கோல் மஞ்சள், 250-இல் பழுப்பு, 270-ஐ ஒட்டிக் கருஞ்சிவப்பூதா, 300-ஐ நெருங்கும்போது நீலம். இரும்பு வெட்டும் உளிக்கு ஊதா விளிம்பைத் தொட்ட கணத்தில் தண்ணீரில் நிறுத்துங்கள். மஞ்சளிலேயே நிறுத்தினால் வாய் சில்லுச் சில்லாகப் போகும், நீலம் தாண்டினால் மடங்கும்.

வாயை 60 டிகிரி கோணத்தில் தீட்டுங்கள். சாணையில் அடிக்கடி தண்ணீரில் நனைக்க வேண்டும். விளிம்பு நீலமானால் இறக்கிய பதம் அந்த இடத்தில் போய்விட்டது, அந்தப் பகுதியைத் தேய்த்தெடுக்க வேண்டும். அடி வாங்கும் தலையைத் தோய்க்கவே கூடாது. கடினமான தலையும் கடினமான சுத்தியலும் மோதினால் சில்லு கண்ணுக்குத்தான் பறக்கும். மென்மையாக விட்ட தலை நாளடைவில் காளான் போல விரியும். விரிந்த ஓரத்தை அவ்வப்போது சாணையில் எடுத்துவிடுங்கள்.